பெயின்ட் பார்க்காத ரயில்

எவர்சில்வர் தட்டுக்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. ரயில் பெட்டிக்கு மட்டும் எதற்கு? இந்தக் கேள்விக்கு ஜப்பான் சொன்ன பதில்தான் டோக்யூ 7000 வகை மின்ரயில்.

டோக்கியோவையும் யோகோஹாமாவையும் இணைத்து ரயில் விடும் தனியார் நிறுவனம் டோக்யூ. 1958-இல் அது ஓடவிட்ட 5200 வகைப் பெட்டிகளில் வெளித்தகடு மட்டுமே எவர்சில்வர்; உள்ளே இருந்த சட்டம் சாதாரண எஃகு. மேலே மின்னினாலும் உள்ளே துரு ஏறும். ஆகவே சட்டத்தையும் எவர்சில்வரில் செய்ய வேண்டியிருந்தது.

அதற்குத் தடை வெல்டிங். எவர்சில்வரில் கலந்துள்ள குரோமியம், காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலமாகிக் காவல் நிற்கிறது. கீறினாலும் படலம் தானே மூடிக்கொள்ளும். ஆனால் வெல்டிங் சூடு நீடித்தால் குரோமியம் கார்பனோடு சேர்ந்துவிடும். அந்த இடத்தில் துரு புகும். அமெரிக்காவின் பட் நிறுவனம் இதற்கு வழி கண்டிருந்தது. இரு தகடுகளை அழுத்திப் பிடித்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பெரும் மின்சாரம் பாய்ச்சிப் புள்ளி புள்ளியாக இணைப்பதுதான் அது. உலோகம் கெடும் முன்பே சூடு தணிந்துவிடும்.

பட் நிறுவனத்தின் உரிமத்தோடு டோக்யூவின் துணை நிறுவனம் 1962 முதல் 1966 வரை 7000 வகையில் 134 பெட்டிகளைக் கட்டியது. ஜப்பானின் முதல் முழு எவர்சில்வர் மின்ரயில் இதுதான். பக்கவாட்டில் வரிவரியாக ஓடும் மடிப்புகள் அழகுக்காக வைத்தவை அல்ல: மெல்லிய தகட்டின் நெளிவை மறைத்து விறைப்பைக் கூட்டுகின்றன. துரு தின்னுமே என்று தகட்டைத் தடிமனாக்கத் தேவையில்லாததால் எடையும் குறைந்தது. நிலையத்துக்கு நிலையம் நின்று கிளம்பும் வண்டிக்கு இது மின்சாரச் சிக்கனம்.

1964-இல் இவை டோக்கியோவின் ஹிபியா சுரங்கப் பாதைக்குள்ளும் ஓடின. 1980களின் இறுதியில் மோட்டார்கள் பழசாயின. பெட்டிகள் உறுதியாக இருந்தன. அதனால் சிலவற்றுக்குப் புது மோட்டார் பொருத்தி 7700 வகையாக்கினார்கள். வேறு சில, பனி கொட்டும் அவோமோரி, இஷிகாவா வட்டாரங்களின் சிறு ரயில் நிறுவனங்களுக்குக் கைமாறின.

2012-இல் ஜப்பான் இயந்திரப் பொறியாளர் சங்கம் 5200, 7000 பெட்டிகளை இயந்திரப் பொறியியல் மரபுச் செல்வமாக அறிவித்தது. அப்போதும் 7700 தினமும் டோக்கியோவில் ஆளேற்றிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றது 2018-இல்தான்.