புதிய வாகனத்தில் கண்ணாடிக் குறை: வாங்குவோருக்குள்ள பாதுகாப்பு

ஒரு நாட்டின் தொழில் வளர்ச்சியை உற்பத்தியான பொருள்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் மதிப்பிட இயலாது. அப்பொருள்களை வாங்குவோர் செலுத்திய விலைக்குரிய தரத்தைப் பெறுகின்றனரா என்பதும் வளர்ச்சியின் அளவுகோலேயாகும். மோட்டார் வாகனத் தொழில் இதற்குத் தக்க சான்று. 1983 டிசம்பர் 14ஆம் நாள் முதல் மாருதி கார் வாங்கியவரிடம் ஒப்படைக்கப்படும் வரை, நம் நாட்டில் கார் வாங்க விரும்பியோர் விரல்விட்டு எண்ணத்தக்க சில வகைகளுக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பொருள் கிடைத்ததே பெரிது என்ற நிலையில் தரத்தைப் பற்றி வாதிட எவரும் முன்வரவில்லை. 2022இல் ஜப்பானை விஞ்சி உலகின் மூன்றாவது பெரிய வாகனச் சந்தையாக இந்தியா உயர்ந்தது. பற்றாக்குறை நீங்கியது, ஆயினும் அக்காலத்தில் படிந்துவிட்ட பணிந்துபோகும் மனப்பான்மை முற்றிலும் நீங்கிவிட்டதாகக் கூற இயலாது.

புதிய வாகனத்தின் சன்னல் கண்ணாடியில் காணப்படும் குறை இதை விளக்கப் போதுமானது. அது எஞ்சின் பழுது போன்று பெரிதன்று. ஆகவே விற்பனையாளர் அதைப் புறக்கணிப்பதும், வாங்கியவர் சகித்துக்கொள்வதும் எளிது. ஆனால் ஓட்டுநரின் பார்வையும் பயணிகளின் பாதுகாப்பும் கண்ணாடியைச் சார்ந்துள்ளன.

கண்ணாடியின் இயல்பு

வாகனங்களில் இருவகைக் கண்ணாடிகள் பயன்படுகின்றன. முன்புறக் கண்ணாடி, இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் படலம் ஒன்றை வைத்து ஒட்டப்பெற்ற அடுக்குக் கண்ணாடியாகும். உடைந்தாலும் சில்லுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கச் சன்னல்களில் பெரும்பாலும் இருப்பது கடினமாக்கப்பட்ட கண்ணாடி. இதனை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாகச் செலுத்திக் குளிர்விப்பர். இதனால் மேற்பரப்பில் அழுத்தமும் உட்புறத்தில் இழுவிசையும் நிலைபெற்று, கண்ணாடி வலுவடைகிறது. உடைந்தால் கூரற்ற சிறு துண்டுகளாகச் சிதறும். இதனை அறுக்கவோ துளையிடவோ இயலாது. குறையிருப்பின் முழுக் கண்ணாடியையும் மாற்றுவதே வழி.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி, முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீத ஒளியையும் ஊடுருவவிட வேண்டும் என்கிறது. சாலை வாகனக் கண்ணாடிகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2553, இரண்டாம் பகுதியாகும்.

குறையும் விபத்தும்

கண்ணாடியில் தோன்றும் குறைகள் மூவகைப்படும். முதலாவது, உற்பத்தியில் நேர்வது: குமிழி, அடுக்குகள் பிரிதல், உருவத்தை நெளித்துக் காட்டுதல் ஆகியன. நிக்கல் சல்ஃபைடு துகள் உள்ளே தங்கிவிட்டால், கடினமாக்கப்பட்ட கண்ணாடி புறத்தாக்கமின்றியே உடைவதும் உண்டு. இரண்டாவது, பொருத்துவதில் நேர்வது: கண்ணாடி தடத்தில் சாய்ந்து ஏறுதல், அதிர்தல், ரப்பர் விளிம்பு சரியாக அமையாமல் மழைநீர் கசிதல். மூன்றாவது, வெளியில் நேர்வது: கல் தெறித்தல், கொண்டு செல்லுகையில் ஏற்பட்ட கீறல். முதலிரண்டும் உற்பத்தியாளரின் பொறுப்பு. மூன்றாவது, வாகனம் ஒப்படைக்கப்படும் முன்னர் நேர்ந்திருந்தால் விற்பனையாளரின் பொறுப்பு. பின்னர் நேர்ந்தால் காப்பீட்டின் பாற்படும்.

இவ்வேறுபாடு முக்கியமானது. விளிம்பிலிருந்த குறையால் விரிந்த பிளவையும் கல் பட்ட பிளவாகக் கருதி, "காப்பீட்டில் கோருங்கள்" என்று கூறப்படுவதுண்டு. அவ்வாறு கோரினால் விபத்து நேர்ந்ததாக வாங்கியவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். உற்பத்தியாளர் ஏற்க வேண்டிய செலவு அவர்மீதும் காப்பீட்டு நிறுவனத்தின்மீதும் சுமத்தப்படும்.

பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970இல் வெளியிட்ட கட்டுரையில், விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையே சீர்குலையும் எனப் பழைய கார்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். 2001இல் நோபல் பரிசு பெற்ற அவரது கருத்து புதிய வாகனத்திற்கும் ஓரளவு பொருந்தும். தர நிர்ணயம், உத்தரவாதம், நுகர்வோர் சட்டம் ஆகிய மூன்றும் இத்தகவல் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கருவிகளே.

வாங்குவோர் செய்ய வேண்டுவன

பதிவு செய்யாமல் வாகனத்தை ஒப்படைக்கலாகாது என்பது விதி. பதிவு முடிந்தபின் வாகனத்தை மறுப்பது கடினமாதலின், அதற்கு முன்னரே பகல் வெளிச்சத்தில் சோதித்தல் நலம். ஒவ்வொரு கண்ணாடியையும் முழுவதும் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் மூலையில் தயாரித்தவரின் குறியும் தர முத்திரையும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்றில் மட்டும் குறி வேறுபட்டிருந்தால் அது இடையில் மாற்றப்பட்டதோ என வினவலாம்.

பின்னர் குறை தெரியவந்தால், நாளிட்ட நிழற்படங்களுடன் விற்பனையாளருக்கும் உற்பத்தியாளருக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, பணிமனையில் பதிவுச் சீட்டுப் பெற வேண்டும். தில்லியில் காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளில் கண்ணாடியை உடனே மாற்றிவிடலாம். ஆனால் குறையுடைய கண்ணாடியே முதன்மைச் சான்று. அது கைவிட்டுப் போனால் வழக்கும் போய்விடும்.

சட்டத்தின் துணை

விற்கப்படும் பொருள் விற்பனைக்குரிய தரத்துடன் இருக்க வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்திலேயே உள்ளது. எனினும் சிவில் நீதிமன்றத்தின் செலவும் காலதாமதமும் சாதாரண மக்களைத் தடுத்தன. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இத்தடையைப் பெரிதும் நீக்கிற்று. அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

புதிய சட்டத்தின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். புது தில்லி கோல் மார்க்கெட்டில் குடியிருக்கும் அரசு ஊழியர் ஒருவர் குருகிராமில் கார் வாங்கினார் எனக் கொள்வோம். முன்னர் அவர் எதிர்த்தரப்பினர் தொழில் நடத்தும் இடத்திலோ, வழக்கின் காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட வேண்டும். இப்போது தாம் குடியிருக்கும் அல்லது பணிபுரியும் இடத்திற்குரிய மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். இரண்டாண்டுகளுக்குள் முறையீடு செய்தல் வேண்டும். அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் வழியாகச் சமரசம் காண முயல்வது நன்று.

சோதனையின்றிக் குறையைத் துணிய இயலாதபோது, பொருளை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப ஆணையத்திற்கு அதிகாரமுண்டு. குறை மெய்ப்பிக்கப்பட்டால் பழுது நீக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, விலையைத் திருப்பித் தரவோ, இழப்பீடு வழங்கவோ ஆணையிடலாம்.

எனினும் கண்ணாடிக் குறைக்காகக் காரையே மாற்றித் தருமாறு கேட்பது பொதுவாகப் பயன் தராது. மாருதி உத்யோக் நிறுவனத்திற்கும் சுசீல் குமார் கப்கோத்ரா என்பவருக்கும் இடையேயான வழக்கில், குறையுடைய பாகத்தை மாற்றித் தருவதே உத்தரவாதத்தின் பொருள். வாகனத்தை மாற்றுவதன்று என 2006இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஆகவே கோரிக்கை குறைக்கு ஏற்ற அளவினதாக இருத்தல் வேண்டும்: கண்ணாடியையும் அதன் பொறியமைப்பையும் கட்டணமின்றி மாற்றுதல், அலைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு.

ஒருவர் குறையும் பலர் குறையும்

ஒரே குறை பல வாகனங்களில் காணப்படும்போது, தனியொருவர் நிவாரணம் போதாது. 2022இல் அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் ஏறத்தாழ 11 லட்சம் கார்களுக்குத் திருத்தம் செய்ய நேர்ந்தது. தானே ஏறும் சன்னல் கண்ணாடி, இடையில் கை அகப்பட்டால் உரியவாறு பின்வாங்கவில்லை என்பதே காரணம். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110ஏ பிரிவைச் சேர்த்தது. உயிருக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஊறு விளைக்கக்கூடிய குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு ஆணையிட மத்திய அரசுக்கு இது அதிகாரமளிக்கிறது.

இவ்வதிகாரம் செயற்பட முறையீடுகள் பதிவாக வேண்டும். சிறு குறையென்று ஒருவர் எழுதாமல் விட்டால், அதே குறை மற்றவரின் வாகனத்திலும் மறைந்தே இருக்கும். எழுத்தில் பதிவாகும் ஒவ்வொரு நியாயமான முறையீடும் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுக்கு வலுவூட்டுகிறது. உற்பத்திப் பெருக்கத்தோடு தரமும் உயர வாங்குவோர் ஆற்றக்கூடிய பங்கு இதுவே.