ஊர் பல கண்ட கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ்

ஓரிடத்தில் நிலைத்து வாழாதவன் எவ்விடத்துக்கும் உரியவன் ஆகான் என்று கூறுவோர் உளர். நம் பாலராமபுரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இச்சொல் புதியதன்று. எல்லைக்கு அப்பால் உறவினர் இல்லத் திருமணத்துக்குச் சென்றால், "மலையாளத்துக்காரர் வந்துவிட்டார்கள்" என்று வரவேற்பர். பாறசாலை தாண்டி இப்பக்கம் வந்தால், நம்மைப் "பாண்டிக்காரர்" என்பர். பெரியோர் இதனைச் சிரித்துக்கொண்டே கடந்து விடுகின்றனர். ஆனால் பள்ளி செல்லும் நம் பிள்ளைகள், "நாம் உண்மையில் எந்த ஊரார்?" என்று வீட்டில் கேட்கும்போது, பல பெற்றோருக்கு விடை கூற இயலுவதில்லை.

இவ்வினாவுக்கு விடையாகத் தம் வாழ்க்கையையே வைத்துச் சென்ற ஒருவரைக் குறித்து இம்மாதம் எழுத விரும்புகிறோம். அவர் புலவரோ அரசியல் தலைவரோ அல்லர், கால்பந்தாட்டக்காரர். இந்திய நாட்டின் கோல் கம்பங்களுக்கு நடுவே பல ஆண்டுகள் நின்று காத்த பீட்டர் தங்கராஜ் அவர்களே அவர்.

தங்கராஜ் 1935ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஐதராபாத்தில் பிறந்தார். பெயர் தமிழ்ப் பெயர். பிறந்த ஊரோ நிஜாமின் தலைநகர். அக்காலத்து ஐதராபாத்தும் அதன் இரட்டை நகரமாகிய செகந்திராபாத்தும் கால்பந்தாட்டத்தின் பெரும் பாசறைகளாய் விளங்கின. செகந்திராபாத்தின் மார்னிங் ஸ்டார், பிரெண்ட்ஸ் யூனியன் ஆகிய கழகங்களில் அவர் ஆட்டம் பயின்றார். 1953ஆம் ஆண்டில் இந்திய ராணுவத்தில் சேர்ந்தார். அவரை ஏற்றுக்கொண்டது, நீலகிரி மலையில் வெல்லிங்டனில் அமைந்துள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர். சுதந்திரத்துக்குப் பின் நம் திருவிதாங்கூர்ப் படைப் பிரிவுகளும் இந்த மதராஸ் ரெஜிமெண்டிலேயே சேர்க்கப்பட்டன என்பதை நம் வாசகர்களில் மூத்தோர் அறிவர்.

ராணுவத்தில் அவர் முதலில் ஆடியது கோல் போடும் இடத்தில். அதாவது முன்வரிசையின் நடு ஆட்டக்காரராக. பின்னரே கோல் காக்கும் பணிக்கு மாறினார். கோல் போடுகிறவனைத் தோள்மேல் தூக்கி ஆடுவர். கோல் காப்பவன் தொண்ணூறு நிமிடம் காத்து ஒரு கணம் தவறினால் அத்தவற்றையே ஊர் நினைவில் வைக்கும். அத்தகைய இடத்தை ஏற்றுக்கொண்டு, அதிலேயே புகழ் பெற்றார் தங்கராஜ். 1955ஆம் ஆண்டிலும் 1958ஆம் ஆண்டிலும் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் டியூரண்ட் கோப்பையை வென்றது. நாட்டின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியாகிய அதில் ஒரு பட்டாள அணி இருமுறை வென்றது சிறு செய்தியன்று.

கோல்கீப்பரின் நிலையைப் பற்றி இவ்விடத்தில் ஒரு சொல் கூற வேண்டும். கோல் கம்பங்களுக்கு இடையே உள்ள அகலம் 24 அடி. உயரம் 8 அடி. இத்தனை பெரிய வாயிலை ஒரே மனிதன் காக்க வேண்டும். அவன் அணியில் ஒருவன்; ஆயினும் அவன் சட்டையின் நிறம் வேறு. 1909ஆம் ஆண்டு முதலே இவ்விதி உண்டு. மற்றவர்க்கு விலக்கப்பட்ட கைகள் அவனுக்கு மட்டும் தன் எல்லைக்குள் அனுமதிக்கப்பட்டவை. கூட்டத்துள் இருந்தும் தனித்துத் தோன்றுவதும், தனித்துத் தோன்றினும் கூட்டத்துக்காகவே உழைப்பதும் அவன் இயல்பு. அயலூரில் குடியேறி வாழும் நம்மவர்க்கு இந்நிலையை விளக்கிக் கூறத் தேவையில்லை.

நம் தெருக்களில் குழித்தறியில் அமர்ந்து நாடாவை எறிந்து நெய்பவர்களுக்கும் இது எளிதில் விளங்கும். ஒரு கை நாடாவை எறியும். மறு கை அதனைப் பிடிக்கும். கண் அங்கும் இங்கும் அலையாது. ஆயினும் நாடா எங்கே வரும் என்பதைக் கை அறியும். தங்கராஜ் காலத்தில் இன்றைய கையுறைகளும் இல்லை. கல்கத்தாவின் லீக் ஆட்டங்கள் மழைக்காலத்தில் நடப்பவை. தோல் பந்து நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். சேற்றில் வழுக்கி வரும் அப்பந்தைக் கையால் பற்றிக் காக்க வேண்டும்.

1956ஆம் ஆண்டு நம் பகுதி மக்கள் மறக்கவியலாத ஆண்டு. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஒரே குடும்பத்தின் கிளைகள் எல்லைக்கு இப்பாலும் அப்பாலுமாயின. அதே நாளில் தங்கராஜ் பிறந்த ஐதராபாத் சமஸ்தானமும் மூன்றாகப் பிரிந்து, ஆந்திரப் பிரதேசம், மைசூர், பம்பாய் ஆகிய மாநிலங்களுள் கலந்து மறைந்தது. அம்மாதத்திலேயே மெல்பர்ன் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கின. பிறந்த மாநிலமே தேசப்படத்தில் இல்லாது போன அம்மாதத்தில், அவ்விளைஞர் இந்தியா என்னும் ஒரே பெயரைத் தாங்கிய அணியில் இடம்பெற்றிருந்தார்.

அந்த மெல்பர்ன் பயணமே ஒலிம்பிக்கில் நம் கால்பந்து எட்டிய சிகரம். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கியில், நம் ஆட்டக்காரரில் பலர் வெறுங்காலுடன் ஆடி, யுகோஸ்லாவியாவிடம் 10–1 என்ற கணக்கில் தோற்றிருந்தனர். மெல்பர்னிலோ ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்றனர். நெவில் டிசூசா மூன்று கோல்கள் போட்டார். அரை இறுதியில் மறுபடியும் யுகோஸ்லாவியாவே எதிர்ப்பட்டது. முதல் கோலை இந்தியாவே போட்டது; எனினும் முடிவில் 4–1 என்று தோற்றது. நான்காவது இடம் கிட்டியது. அதன்பின் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுக்கும், 1960இல் ரோம் ஒலிம்பிக்குக்கும் தங்கராஜ் சென்றார். ரோமில் ஹங்கேரியிடம் இந்தியா 2–1 என்று மட்டுமே தோற்றது. பிரான்சுடன் 1–1 என்று சமன் செய்தது. 1958ஆம் ஆண்டில் ஆசியாவின் மிகச் சிறந்த கோல்கீப்பராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1960ஆம் ஆண்டுச் சந்தோஷ் கோப்பைப் போட்டி நம் கேரளத்தின் கோழிக்கோட்டில் நடைபெற்றது. தங்கராஜைத் தலைவராகக் கொண்ட சர்வீசஸ் அணி, வங்காளத்தை வென்று முதன்முறையாக அக்கோப்பையைப் பெற்றது. கோழிக்கோட்டு மக்கள் கால்பந்தின்பால் கொண்ட காதல் நாடறிந்தது. அவர்கள் கண் முன்னே ஐதராபாத்தில் பிறந்து நீலகிரியில் பயின்ற ஒருவர் கோப்பையை உயர்த்தினார்.

பிறகு அவர் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே மூன்று பெருங்கழகங்கள் உண்டு. 1889இல் தோன்றிய மோகன் பகான், 1911இல் வெள்ளையர் பட்டாள அணியை வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்ற பெருமை உடையது. 1891இல் தோன்றிய முகமதன் ஸ்போர்டிங், 1934இல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகம். 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தோரின் கழகம். 1947இல் நாடு பிரிந்தபோது வீடும் நிலமும் இழந்து கல்கத்தாவில் வந்து குவிந்த அகதி மக்கள், தம் இழந்த ஊரையே அக்கழகத்தின் வடிவில் கண்டனர். இம்மூன்று கழகத்தாரிடையே உள்ள பகைமை, ஒரே வீட்டில் தந்தையும் மகனும் பேசாதிருக்கச் செய்யும் அளவினது.

தங்கராஜ் இம்மூன்றுக்கும் கோல் காத்தார். 1960 முதல் முகமதன் ஸ்போர்டிங்கில் ஆடினார். 1963இல் மோகன் பகானுக்குச் சென்றார். 1965 முதல் 1971 வரை ஈஸ்ட் பெங்காலில் இருந்தார். கடைசியில் மீண்டும் முகமதன் ஸ்போர்டிங்குக்கே திரும்பினார். பீட்டர் என்னும் பெயருடைய ஒருவர் முகமதன் என்னும் பெயருடைய கழகத்தைக் காத்தார். வங்காளத்தில் பிறவாத ஒருவர், வங்காளத்து அகதிகளின் கழகத்தை ஆறாண்டு காத்தார். நேற்று எதிரணியின் வாயிலில் நின்றவரை இன்று தம் வாயிலில் நிறுத்தி மக்கள் ஆரவாரித்தனர். அவர் எந்தச் சட்டையை அணிந்தாரோ அந்தச் சட்டைக்கு முழு உழைப்பையும் தந்தார் என்ற நம்பிக்கை இல்லாவிடில், அவர்கள் அவ்வாறு ஆரவாரித்திருக்க மாட்டார்கள்.

அவர் வாழ்வின் பொன்னாள் 1962 செப்டம்பர் 4ஆம் தேதி. ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இஸ்ரேலையும் தைவானையும் விலக்கிய இந்தோனேசியாவின் செயலை இந்தியப் பிரதிநிதி ஜி. டி. சோந்தி கண்டித்திருந்தார். அதனால் சினமுற்ற உள்ளூர் மக்கள், இந்திய வீரர்கள் களம் இறங்கிய போதெல்லாம் கூச்சலிட்டனர். அணியின் பயிற்சியாளர் எஸ். ஏ. ரகீம் கொடிய நோயால் நலிந்திருந்தார். மறு ஆண்டே அவர் மறைந்தார். ஜர்னைல் சிங்கின் தலையில் தையல்கள் இருந்தன. தங்கராஜோ காய்ச்சலால் படுத்திருந்தார். அவருக்குப் பதிலாகப் பிரத்யுத் பர்மன் கோல் காத்து, தென் வியட்நாமுக்கு எதிரான அரை இறுதியில் 3–2 என்ற வெற்றிக்குத் துணை நின்றார்.

இறுதி ஆட்டத்தில் எதிர்ப்பட்டது தென் கொரியா. தொடக்கத்தில் இந்தியாவை 2–0 என்று வென்ற அணி அது. ரகீம், காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜையே கோலில் நிறுத்தினார். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் எதிர்த்துக் கூவிய அவ்வரங்கில், 17ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜியும், 20ஆம் நிமிடத்தில் தலைக்காயத்துடன் முன்வரிசையில் ஆடிய ஜர்னைல் சிங்கும் கோல் போட்டனர். அதன்பின் எஞ்சிய எழுபது நிமிடமும் காப்பதே தொழிலாயிற்று. கொரியர் ஒரு கோல் மட்டுமே திருப்ப முடிந்தது. அதுவும் ஆட்டம் முடியும் தறுவாயில். இந்தியா 2–1 என்று வென்றது. ஆசிய விளையாட்டின் கால்பந்தில் அதன்பின் இந்தியா தங்கம் பெறவில்லை. பஞ்சாபியரும் வங்காளியரும் ஐதராபாத்தியரும் ஒன்றாய் ஆடிய அவ்வணியில், யார் எந்த ஊரார் என்று அன்று எவரும் வினவவில்லை.

ஊர் மாறும் ஆட்டக்காரர் மீது ஐயம் கொள்வது நம் நாட்டு வழக்கம் மட்டுமன்று. தங்கராஜின் காலத்தவரே விளாதிமிர் பியாரா என்னும் புகழ்பெற்ற கோல்கீப்பர். இன்றைய குரோஷியா நாட்டின் சின்ய் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் 1928இல் பிறந்தவர். ஹெல்சிங்கியில் வெள்ளிப் பதக்கம் வென்ற யுகோஸ்லாவிய அணியின் காவலர். ஸ்பிளிட் நகரத்து ஹைடுக் கழகத்தில் வளர்ந்த அவர், 1955இல் தலைநகர் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் கழகத்துக்குச் சென்றபோது ஸ்பிளிட் மக்கள் பெரிதும் மனம் நொந்தனர். பின்னர் மேற்கு ஜெர்மனியில் ஆடினார். ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டிலும் பயிற்சியளித்தார். முடிவில் ஸ்பிளிட் நகரிலேயே 2014இல் மறைந்தார். அவர் பிறந்த யுகோஸ்லாவியா என்னும் நாடு அதற்கு முன்பே சிதறிவிட்டது. நாடு மறைந்தது, அவர் காத்த கோல்களின் புகழ் மறையவில்லை.

தங்கராஜுக்கு 1967ஆம் ஆண்டில் அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. ஆடுவதை விட்டபின் கோவாவின் வாஸ்கோ கழகத்தில் பயிற்சியாளரானார். பிற்காலத்தில் பொகாரோ எஃகு நகரில் இளைஞர்க்குக் கால்பந்து கற்பித்தார். 2008ஆம் ஆண்டு நவம்பரில் அந்நகரிலேயே காலமானார். ஐதராபாத்தில் தொடங்கிய பயணம் நீலகிரி, கல்கத்தா, கோவா வழியே பொகாரோவில் முடிந்தது. இவற்றுள் எந்த ஊர் அவருடையது என்று கேட்டால், ஒவ்வோர் ஊரும் தனக்கே உரியவர் என்று கூறும் உரிமை உடையது.

இனி நம் பிள்ளைகளின் வினாவுக்கு வருவோம். பாலராமவர்மா மகாராஜா ஆண்ட 1798–1810 காலத்தில், அரண்மனைக்கு வேண்டிய நேர்த்துணி நெய்வதற்காக நம் முன்னோர் இவ்வூருக்கு அழைத்து வரப்பெற்றனர். அம்மன்னர் பெயரே ஊர்ப் பெயராயிற்று. வந்தவர்கள் நெய்த துணிக்கு வந்த ஊரின் பெயரையே இட்டனர். 2009இல் பாலராமபுரம் சேலைகளுக்கும் நேர்த்துணிகளுக்கும் அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டில் தமிழ் பேசுவோர் கேரளத்தின் கசவுத் துணிக்குப் புகழ் தேடித் தந்திருக்கின்றனர். "நாம் எந்த ஊரார்?" என்று கேட்கும் குழந்தையிடம், அத்துணியை எடுத்துக் காட்டி, "நாம் உழைத்த ஊர் இது, நம் மொழி தமிழ், இரண்டும் நம்முடையவை" என்று அஞ்சாது கூறலாம்.

மற்றொன்றும் கூற வேண்டும். நெய்யாற்றின்கரை வட்டத்துக் கடற்கரையிலுள்ள பொழியூர், மீன்பிடி மக்கள் வாழும் ஊர். சந்தோஷ் கோப்பைக்கு ஆட்டக்காரர் பலரைத் தந்த ஊர். எல்லைக்கு அப்பால் தூத்தூர்ப் பகுதியும் அத்தகையதே. கடல் மணலில் ஆடிப் பழகும் அவ்விளைஞரிடையே நம் தெருப் பிள்ளைகளும் சென்று ஆடுக. ஆட்டத்தில் கோல் காக்கும் இடத்துக்கு எவரும் எளிதில் முன்வருவதில்லை. இளையவனையோ புதிதாய் வந்தவனையோ அங்கே நிறுத்திவிடுவர். நம் வீட்டுப் பிள்ளை அவ்விதம் நிறுத்தப்பட்டு வாடிய முகத்தோடு திரும்பினால், அன்றிரவு உணவின்போது பெற்றோர் அவனுக்குத் தங்கராஜின் கதையைக் கூறுக. மறுநாள் அவனே விரும்பிச் சென்று அக்கம்பங்களுக்கு நடுவே நிற்பான்.