ஜைல்ஸ் இறந்தாரா, இல்லையா?

இரத்தக் காட்டேரிகளை வேட்டையாடும் இளம்பெண்ணின் கதை, ‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’. ஏழு பருவங்கள், 144 அத்தியாயங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2003இல் முடிந்த அந்தத் தொடர், 2007இல் ‘டார்க் ஹார்ஸ்’ நிறுவனத்தின் காமிக்ஸாக மறுபடி தொடங்கியது. பெயரே ‘எட்டாம் பருவம்’தான். மொத்தம் 40 இதழ்கள்.

இது உண்மையான தொடர்ச்சியா என்பதில் ரசிகர்கள் இரண்டு பட்டுக் கிடக்கிறார்கள். தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடனே மேற்பார்வையிட்டார், சில இதழ்களை எழுதவும் செய்தார், பிறகென்ன சந்தேகம் என்கிறது ஒரு தரப்பு. நடிகர்களின் முகமும் குரலும் இல்லாமல் அது எப்படி அதே தொடராகும் என்கிறது மறுதரப்பு.

வாக்குவாதம் சூடாவது ஜைல்ஸ் விஷயத்தில்தான். பஃபிக்குத் தந்தைபோல் இருந்த பள்ளி நூலகர் அவர். 39ஆம் இதழில் அவரைக் கொல்பவன், பஃபி காதலித்த ஏஞ்சல்! வேறொரு சக்தியின் பிடியில் இருந்தான் என்பது உண்மை. ஆனாலும் பலருக்கு மனம் ஒப்பவில்லை.

என் குறை வேறு. காகிதத்தில் செலவுக் கணக்கு கிடையாது. அதனால் தங்கை டான் ராட்சச உருவம் எடுக்கிறாள், பஃபி வானில் பறக்கிறாள். தொலைக்காட்சியிலோ, தாயார் இறந்துகிடக்கும் அத்தியாயத்தில் பின்னணி இசைகூட இல்லை. ஒரு வரவேற்பறை, ஒரு சோபா. அதுவே போதுமாக இருந்தது.

ஜைல்ஸ் இறந்ததைப் படித்துவிட்டுத் தோழியிடம் புலம்பினேன். “காமிக்ஸ்தானே, அதெல்லாம் கணக்கில் வராது,” என்றாள். வராதென்றால், அன்றிரவு எனக்கு ஏன் சாப்பாடு இறங்கவில்லை?