சாண்ட்விச் விவாதம்

சாண்ட்விச் விவாதம் என்பது எந்தெந்த உணவுகளைச் சாண்ட்விச் என்று அழைக்கலாம் என்பது குறித்து விளையாட்டாக நடைபெறும் வாக்குவாதம் ஆகும். அமெரிக்காவில் இது "ஹாட் டாக் ஒரு சாண்ட்விச்சா?" என்ற கேள்வியாகப் பரவலாக அறியப்படுகிறது. ஹாட் டாக் என்பது நீளவாக்கில் பிளந்த பன்னுக்குள் சூடான சாசேஜை வைத்துத் தரும் உணவு. கேள்வி வேடிக்கையானது என்றாலும், கடைக் குத்தகை, நிலப் பயன்பாடு, விற்பனை வரி, உணவுச் சோதனை ஆகியவற்றில் நீதிமன்றங்களும் அரசுத் துறைகளும் இதற்கு விடை சொல்ல நேர்ந்துள்ளது. அவை சொன்ன விடைகள் ஒன்றுபோல் இல்லை. எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

பெயரின் தோற்றம்

இங்கிலாந்தின் நான்காம் சாண்ட்விச் பிரபுவான ஜான் மாண்டேகு (1718–1792) என்பவரின் பட்டப் பெயரே இவ்வுணவுக்கு வழங்குகிறது. சாண்ட்விச் என்பது கென்ட் பகுதியிலுள்ள ஓர் ஊர். உணவின் பெயராக இச்சொல் முதலில் காணப்படுவது வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பனின் 1762ஆம் ஆண்டு நாட்குறிப்பில் ஆகும். பிரபு சூதாட்ட மேசையை விட்டு எழ மனமில்லாமல், பிரெட் துண்டுகளுக்கு இடையே மாட்டிறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னார் என்பது பரவலான கதை. அவர் கடற்படைப் பொறுப்பில் இருந்தவர். வேலை மேசையிலேயே இப்படிச் சாப்பிட்டிருக்கலாம் என்பது அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய என். ஏ. எம். ராட்ஜரின் கருத்து.

எந்தக் கதையை எடுத்துக்கொண்டாலும் அதில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று வடிவம்: இரண்டு பிரெட் துண்டுகளும் நடுவே உள்ளீடும். மற்றொன்று பயன்: முள்கரண்டி இல்லாமல் கையால் எடுத்து உண்ணும் வசதி. இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கும் உணவுகளில் ஐயம் எழுவதில்லை. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாதபோதுதான் விவாதம் தொடங்குகிறது.

வரையறையில் உள்ள சிக்கல்

அமெரிக்காவின் தேசிய ஹாட் டாக் மற்றும் சாசேஜ் மன்றம், ஹாட் டாக் சாண்ட்விச் அல்ல, அது தனி வகை என்று 2015இல் அறிவித்தது. மறு ஆண்டே மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இதற்கு எதிரான நிலையை எடுத்தது. அதன் வரையறைப்படி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிரெட் துண்டுகளுக்கு நடுவிலோ பிளந்த பன் ஒன்றுக்குள்ளோ உள்ளீடு வைத்தால் அது சாண்ட்விச். ஆகவே ஹாட் டாக்கும் சாண்ட்விச்தான். 2018இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் இதே கேள்வியை எதிர்கொண்ட அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், முதலில் சாண்ட்விச் என்றால் என்ன என்று வரையறுத்துச் சொல்லுமாறு கேட்டார். அதைக் கேட்ட பிறகே, அப்படியானால் ஹாட் டாக்கும் சாண்ட்விச்தான் என்றார்.

இரண்டு தனித்தனித் துண்டுகள் கட்டாயம் என்றால், ஒருபக்கம் ஒட்டியபடி பிளந்த நீள பன்னில் செய்யும் சாண்ட்விச்சுகள் விடுபட்டுப் போகும். ஒரே பிரெட் துண்டின்மேல் மீனோ இறைச்சியோ அடுக்கிய டென்மார்க் நாட்டு உணவைத் திறந்த சாண்ட்விச் என்று அழைப்பதும் தவறாகிவிடும். மாறாக, மாவுப் பண்டத்துக்குள் உள்ளீடு இருந்தாலே போதும் என்று தளர்த்தினால் சமோசாவும் கொழுக்கட்டையும்கூட உள்ளே வந்துவிடும்.

நீதிமன்றங்களில்

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஷ்ரூஸ்பரியில் உள்ள ஒரு வணிக வளாகத்தில் பனேரா என்ற உணவகம் இயங்கி வந்தது. அதே வளாகத்தில் வேறு சாண்ட்விச் கடைக்கு இடம் தரக் கூடாது என்பது அதன் குத்தகை ஒப்பந்த விதி. 2006இல் அங்கு புரிட்டோ விற்கும் குடோபா உணவகத்துக்கு இடம் அளிக்க உரிமையாளர் முன்வந்தபோது, புரிட்டோவும் சாண்ட்விச்தான் என்று கூறிப் பனேரா எதிர்த்தது. ஒப்பந்தத்தில் சாண்ட்விச் என்ற சொல்லுக்கு விளக்கம் இல்லை. எனவே நீதிபதி ஜெஃப்ரி லாக் அகராதியையும் பொது வழக்கையும் நாடினார். சாண்ட்விச்சுக்கு இரண்டு பிரெட் துண்டுகள் வேண்டும். புரிட்டோ ஒரே டோர்ட்டியாவில் (மெல்லிய தட்டை ரொட்டி) சுருட்டப்படுவது. ஆகவே அது சாண்ட்விச் அல்ல என்று தீர்ப்பளித்தார்.

2024இல் இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேன் நகரில் இதற்கு மாறான தீர்ப்பு வந்தது. அங்கு ஒரு கடைத்தொகுதியில், கேட்டவுடன் செய்து தரும் சாண்ட்விச்சுகளை விற்கும் உணவகத்துக்கு மட்டுமே அனுமதி இருந்தது. டாக்கோ கடை ஒன்று அங்கு வர முடியுமா என்ற வழக்கில், டாக்கோவும் புரிட்டோவும் மெக்சிகோ பாணிச் சாண்ட்விச்சுகள் என்று நீதிபதி கிரேக் போபே கூறினார். அமெரிக்கப் பாணிச் சாண்ட்விச் மட்டும் என்று அந்த விதி சொல்லவில்லை என்றும், இந்திய நான் ரொட்டிச் சுருளைக்கூட அது அனுமதிக்கும் என்றும் குறிப்பிட்டார்.

முதல் வழக்கில் சாண்ட்விச் என்ற சொல்லை விரித்திருந்தால் ஒரு கடை வராமல் போயிருக்கும். இரண்டாவதில் சுருக்கியிருந்தால் அதே நிலை ஏற்பட்டிருக்கும். இரு தீர்ப்புகளும் சாண்ட்விச்சை எதிரெதிராக விளக்கினாலும், இரண்டிலும் புதிய கடைக்கு வழி திறந்தது.

வரியும் சோதனையும்

நியூயார்க் மாநிலத்தில் மளிகைக் கடையில் வாங்கும் பெரும்பாலான உணவுப் பொருள்களுக்கு விற்பனை வரி இல்லை, சாண்ட்விச்சுக்கு உண்டு. அதனால் அம்மாநில வரித் துறையின் பட்டியல் மிக நீளமானது. ஹாட் டாக், புரிட்டோ ஆகியவையும் அதில் அடங்கும். பேகல் என்னும் வளைய ரொட்டியை முழுதாக வாங்கிச் சென்றால் வரி இல்லை. வெட்டி வெண்ணெய் தடவித் தந்தால் அது சாண்ட்விச் ஆகி வரிக்கு உட்படுகிறது.

அமெரிக்காவில் ஆலைகளில் தயாரிக்கப்படும் இறைச்சிச் சாண்ட்விச்சுகளில் பிரெட் துண்டுகளின் எண்ணிக்கை வேறொரு வகையில் முக்கியமாகிறது. ஒரு துண்டின்மேல் இறைச்சி வைத்த திறந்த சாண்ட்விச் வேளாண் துறையின் பொறுப்பு. அத்துறையின் ஆய்வாளர்கள் ஆலைக்கு நாள்தோறும் செல்வர். மேலே இன்னொரு துண்டை வைத்து மூடினால் அது உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் பொறுப்பாகிறது. அதன் சோதனைகள் மிக அரிதாகவே நடைபெறும்.

கனசதுர விதி

உணவின் சுவையையோ பெயரையோ பாராமல், மாவுப் பகுதி எத்தனை பக்கங்களில் உள்ளது என்பதை மட்டும் கொண்டு வகைப்படுத்தும் வேடிக்கையான முறை கனசதுர விதி எனப்படுகிறது. அடியில் மட்டும் இருந்தால் டோஸ்ட். மேலும் கீழும் இருந்தால் சாண்ட்விச். மூன்று பக்கம் இருந்தால் டாக்கோ. நான்கு பக்கம் சுற்றியிருந்தால் சுஷி. மேற்புறம் மட்டும் திறந்திருந்தால் கீஷ். ஆறு பக்கமும் மூடியிருந்தால் கால்சோனே. இதன்படி ஹாட் டாக் ஒரு டாக்கோ. பீட்சா ஒரு டோஸ்ட். சுருட்டிய மசாலா தோசை சுஷி ஆகிவிடும். விதி முரணற்றது, ஆனால் அது தரும் விடைகளை எவரும் ஏற்பதில்லை. சொற்களின் பொருள் வடிவத்தால் மட்டும் அமைவதில்லை என்பதையே இது காட்டுகிறது.

மொழியியல் பார்வை

விளையாட்டு என்று அழைக்கப்படும் அனைத்துக்கும் பொதுவான ஒரே பண்பு கிடையாது, ஒரு குடும்பத்தாரின் முகச்சாயல் போன்ற ஒற்றுமைகளே உண்டு என்று மெய்யியலாளர் லுட்விக் விட்கென்ஸ்டைன் விளக்கினார். 1970களில் உளவியலாளர் எலினார் ரோஷ், மக்கள் ஒரு வகையை அதன் சிறந்த எடுத்துக்காட்டைக் கொண்டே மனத்தில் வைத்திருக்கின்றனர் என்று ஆய்வுகள்வழிக் காட்டினார். பறவை என்றதும் சிட்டுக்குருவி போன்றவை நினைவுக்கு வரும். பென்குவின் பிறகே வரும். அதுபோலச் சாண்ட்விச்சின் மையத்தில் இரு பிரெட் துண்டுகள் கொண்ட உணவும், விளிம்பில் ஹாட் டாக்கும் நிற்கின்றன. அன்றாடப் பேச்சு விளிம்பைத் தெளிவில்லாமல் விட்டுவிடலாம். சட்டம் அப்படி விட முடியாது; எங்காவது கோடு போட்டாக வேண்டும்.

இந்தியாவில் ஒத்த வழக்கு

இந்தியாவில் இதையொத்த கேள்வி பரோட்டாவைப் பற்றி எழுந்தது. சப்பாத்திக்கும் ரொட்டிக்கும் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடாக இருந்த 2020இல், பொட்டலத்தில் விற்கும் பரோட்டாவைச் சூடாக்கிய பிறகே உண்ண முடியும் என்பதால் அது அவ்வகையில் சேராது, 18 விழுக்காடு வரி உண்டு என்று கர்நாடகத்தின் முன்கூட்டிய தீர்ப்பு ஆணையம் கூறியது. 2024இல் கேரள உயர் நீதிமன்றம் மலபார் பரோட்டாவுக்கு 5 விழுக்காடே பொருந்தும் என்றது. 2025 செப்டம்பரில் இந்திய ரொட்டி வகைகள் அனைத்துக்கும் வரி நீக்கப்பட்டதால், பரோட்டா ரொட்டியா என்ற கேள்வி வரிக் கணக்கில் தேவையற்றதாகிவிட்டது.