கொதிகலனுக்கு ஆண்டுக்கொரு சோதனை, தாய்க்கு?

திருச்சியிலிருந்து தஞ்சை செல்லும் சாலையில், திருவெறும்பூரையொட்டி இருக்கிறது கைலாசபுரம். பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை 1965-ஆம் ஆண்டு தொடங்கியதையொட்டி எழுந்த நகரியம் அது. நாட்டின் அனல் மின் நிலையங்கள் பலவற்றில் நீராவி எழுப்பும் கொதிகலன்கள் இங்கே உருவானவை. திருச்சித் தொழிலாளியின் கைத்திறனுக்கு அவையே சான்று.

கொதிகலன் என்றால் அதற்கொரு சட்டம் உண்டு. வெள்ளையன் காலத்திலே, 1923-ஆம் ஆண்டிலே இயற்றிய சட்டம். அதன் இடத்தில் 2025-ஆம் ஆண்டில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: ஆய்வாளர் பார்த்துச் சான்றிதழ் தராமல் கொதிகலனை இயக்கக் கூடாது. அந்தச் சான்றிதழும் பொதுவாகப் பன்னிரண்டு மாதத்துக்குத்தான். பழுது வந்த பிறகு பார்க்கலாம் என்று எவரும் சொல்வதில்லை. பழுது வருமுன்னே பார்ப்பதற்குத்தான் சட்டம்.

நல்லது. இரும்புக்கு இவ்வளவு அக்கறை காட்டும் நாடு, அந்த இரும்பை வளைத்த தொழிலாளிக்கு நாற்பது ஆண்டு சோறு பொங்கிப் போட்ட தாய்க்கு என்ன செய்திருக்கிறது? ஐம்பது வயதைத் தாண்டிய அவள் உடம்பை, நோய் என்று படுக்குமுன்னே, யாராவது அழைத்துச் சோதித்ததுண்டா? இதைத்தான் கேட்கிறோம்.

மாதவிலக்கு நின்ற பிறகு பெண்ணின் உடல் என்ன ஆகிறது என்பது வீட்டிலே பேசப்படாத பேச்சு. மகளிடம் சொல்ல வெட்கம். மருமகளிடம் சொல்லக் கூச்சம். கணவனிடம் சொல்லிப் பயனில்லை. ‘தீட்டு நின்றது, தொல்லை விட்டது’ என்ற ஒரே வாக்கியத்தோடு அந்த அத்தியாயத்தை மூடி விடுகிறார்கள். ஆனால் உடம்பு மூடுவதில்லை.

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து விலக்கு வராவிட்டால், அது நின்றுவிட்டது என்பது மருத்துவக் கணக்கு. மேல்நாட்டுப் பெண்களுக்கு இது சராசரி 51 வயதில் நேர்கிறது. நம் நாட்டிலோ 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டுப் பெண்ணின் சராசரி ஆயுளோ எழுபதைத் தாண்டிவிட்டது. ஆக, விலக்கு நின்ற பிறகு அவள் வாழப்போவது ஏறத்தாழ இன்னுமொரு கால் நூற்றாண்டு! வாழ்வில் மூன்றில் ஒரு பங்கைச் சில்லறை என்று தள்ளிவிட முடியுமா?

சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைவதால் மாற்றங்கள் வருகின்றன. திடீரென்று முகத்திலும் மார்பிலும் குப்பென்று அனல் பரவும், நள்ளிரவில் உடல் வியர்த்து நனையும், தூக்கம் கெடும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். ‘கிழவிக்கு வயதாகிக் குணம் மாறிவிட்டது’ என்பார்கள் வீட்டார். குணம் மாறவில்லை ஐயா, சுரப்பு மாறியிருக்கிறது!

இவை கண்ணுக்குத் தெரியும் தொல்லைகள். தெரியாமல் அரிப்பது எலும்பு. விலக்கு நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பின் சத்து மிக வேகமாகக் கரைகிறது. வலி இராது, அடையாளம் இராது. ஒருநாள் குளியலறையில் கால் வழுக்கும். இளம் வயதில் சிராய்ப்போடு போயிருக்கும் விழுக்காடு, இப்போது மணிக்கட்டையோ இடுப்பெலும்பையோ முறித்துவிடும். இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டிகளில் பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. சிறுகச் சிறுக வளைந்துபோகும் முதுகுக்கு மூப்பு மட்டுமே காரணம் என்று நினைக்கிறோம். சத்திழந்த முதுகெலும்பு உள்ளுக்குள்ளேயே நொறுங்குவதாலும் அது நேர்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவின்படி, விலக்கு நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. பால், தயிர், எள், முருங்கைக் கீரை, முள்ளோடு தின்னும் சிறு மீன் எல்லாம் துணை செய்யும். ஆனால் நம் வீட்டு வழக்கம் என்ன? பால் பேரனுக்கு, மீன் மகனுக்கு, மிச்சம் அவளுக்கு. திருச்சி வெயிலுக்குப் பஞ்சமில்லை. எனினும் அடுப்படிக்குள் அடைந்து கிடப்பவளுக்கு, சுண்ணாம்பை எலும்பில் சேர்க்க உதவும் வைட்டமின் ‘டி’ எப்படிக் கிடைக்கும்? வெயில்பட நடப்பதும், கைகால்களுக்குச் சற்றுப் பளு தரும் பயிற்சியும் எலும்புக்கு மருந்து.

அடுத்தது நெஞ்சு. மாரடைப்பு ஆண்களின் நோய் என்று எண்ணி இருக்கிறோம். விலக்கு நின்ற பிறகு அந்தப் பாதுகாப்பு பெண்ணை விட்டுப் போகிறது. இரத்தக் கொதிப்பும் கொழுப்பும் ஏறுகின்றன. அவளுக்கு வரும் மாரடைப்பு சில சமயம் நெஞ்சு வலியாக இராமல், மூச்சுத் திணறலாகவோ, முதுகு வலியாகவோ, அளவற்ற களைப்பாகவோ வரும். ‘வாயு’ என்று பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுத்து வீட்டிலே வைத்திருந்தால் உயிர் போய்விடும்.

சொல்லக் கூசும் தொல்லைகளும் உண்டு. இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவது, கர்ப்பப்பை கீழிறங்குவது. திருமணத்துக்குப் போகாமல், பேருந்தில் ஏறாமல், வீட்டோடு ஒடுங்கிவிட்ட தாய்மார் எத்தனை பேர்! இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் எளிய பயிற்சியே பலருக்குக் குணம் தரும். மற்றவர்க்கு மருத்துவம் உண்டு. ஆனால் ஒன்றை மட்டும் எக்காரணங்கொண்டும் மறைக்கக் கூடாது. விலக்கு நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். ‘மறுபடி விலக்கு வந்துவிட்டது’ என்று மகிழ்வது பேதைமை.

இதற்கெல்லாம் ஈஸ்ட்ரோஜன் மருந்து உண்டே என்பார் சிலர். 2002-இல் அமெரிக்காவில், 16,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு, மார்புப் புற்றும் இதய நோயும் கூடுவது கண்டு பாதியில் நிறுத்தப்பட்டது. உலகமே அஞ்சியது. பிறகு கணக்கை நுணுகிப் பார்த்தபோது, அறுபது வயதுக்கு உட்பட்டவர்க்கு, விலக்கு நின்று பத்தாண்டுக்குள் இருப்பவர்க்கு, தடையான நோய் இல்லையென்றால் நன்மையே மிகுதி என்று தெளிந்தது. ஆகவே வேண்டாத அச்சமும் தவறு. பக்கத்து வீட்டாரைக் கேட்டு வாங்கி விழுங்குவதும் தவறு. மருத்துவர் பார்த்துத் தரட்டும்.

இன்னொரு கொடுமையையும் சொல்லியாக வேண்டும். மராட்டியத்தில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் 13,000-க்கு மேற்பட்டோர் கர்ப்பப்பையை அகற்றிக்கொண்டிருந்த செய்தி 2019-இல் அம்பலமாயிற்று. விலக்கு நாளில் கூலி போகும் என்ற கவலையும், அதைக் காசாக்கிய மருத்துவரும் சேர்ந்து செய்த வேலை. சூலகத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் முப்பது வயதிலேயே முதுமையின் எலும்பு வந்துவிடுகிறது. பிள்ளை பெற்று முடித்தவளுக்குக் கர்ப்பப்பை எதற்கு என்ற எண்ணம் நம் ஊரிலும் இல்லாமல் இல்லை.

தமிழ்நாடு இதில் கையாலாகாத நாடா? இல்லை. 2018–20 கணக்கில் இந்தியாவில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 97 தாய்மார் இறந்தபோது, இங்கே 54. கருவுற்ற ஏழைப் பெண்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் உதவித் திட்டம் நடக்கிறது. அதே அம்மையார்தான், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் காடிக் கரைசலைத் தடவிப் பார்க்கும் எளிய சோதனை ஒன்றை ஒரே ஒரு முறை செய்ததற்கே, கர்ப்பப்பை வாய்ப் புற்றால் இறப்போர் தொகை 35 சதவிகிதம் குறைந்ததென்று 2007-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வாசலுக்கே கொண்டு செல்கிறது.

பாதை இருக்கிறது, இன்னும் நான்கடி போடுங்கள் என்கிறோம். வாசலுக்கு வரும் அந்த ஊழியப் பெண், கொதிப்பைக் கேட்பது போலவே, ‘விலக்கு நின்றதா அம்மா? விழுந்ததுண்டா? சிறுநீர் கசிகிறதா? இரத்தம் பட்டதா?’ என்று நான்கு கேள்வி கேட்கட்டும். நாற்பத்தைந்து வயது கடந்த ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கொரு நாள் குறித்து, கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, மார்பு, கர்ப்பப்பை வாய் பார்க்கட்டும். முறிவு அச்சமுள்ளவர்க்கு எலும்பின் அடர்த்தியை அளக்கட்டும். நகரியத்துக்குள் இருப்போருக்கு ஆலையின் மருத்துவமனை உண்டு. மதிலுக்கு வெளியே துவாக்குடியிலும் காட்டூரிலும் ஒப்பந்தக் கூலியின் மனைவிக்கும், வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கும் அதே நாள் குறிக்கப்பட வேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை மகன்மார் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாதமே உங்கள் தாயை அழைத்துக்கொண்டு பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ‘எனக்கென்னடா, நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்பாள். அவள் என்றைக்கும் அப்படித்தான் சொல்வாள். நம்பிவிடாதீர்கள்.