சூழல் மாறிகளும் பைத்தான் நிரலும்

ஷெல்லில் ஒரு பெயருக்கு மதிப்பொன்றை அளித்துவிட்டு உடனே பைத்தான் நிரலை ஓட்டும் மாணவன், அந்நிரல் அம்மதிப்பை அறியாதிருத்தல் கண்டு திகைப்பது கணினிக்கூடத்தில் அடிக்கடி நிகழும் காட்சியாகும். ஷெல்லோ கேட்டவுடன் மதிப்பைக் கூறுகின்றது. நிரலோ அப்படி ஒன்றில்லை என்கின்றது. இரண்டும் உண்மையே. அஃது எவ்வாறெனின் கூறுவோம்.

ஷெல் தன்னளவில் வைத்துக்கொள்ளும் மாறிகள் வேறு. தான் தொடங்கி வைக்கும் நிரல்களுக்குக் கொடுத்தனுப்பும் சூழல் மாறிகள் வேறு. முன்னதைப் பின்னதாக்குவது 'எக்ஸ்போர்ட்' என்னும் கட்டளை. 1979-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தினின்று வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஸ்டீபன் போர்ன் என்பார் இயற்றிய ஷெல்லில் இக்கட்டளை அமைந்திருந்தது. ஒரே ஓட்டத்திற்கு மட்டும் மதிப்பு வேண்டுமாயின், நிரலை அழைக்கும் வரியின் முன்னரே அதனை எழுதுதலும் கூடும்.

இங்ஙனம் வந்து சேர்ந்தவற்றைப் பைத்தான், 'ஓஎஸ்' தொகுதியிலுள்ள 'என்விரான்' என்னும் அகராதியில் வைத்துத் தருகின்றது. சதுர அடைப்பினுள் பெயரிட்டுக் கேட்பின், இல்லாத பெயருக்குப் பிழை எழுந்து நிரல் நின்றுவிடும்; 'கெட்' என்னும் முறையாற் கேட்பின், 'நன்' என்னும் வெறுமையோ நாம் குறித்த மாற்று மதிப்போ கிடைக்கும். இன்றியமையாத மதிப்பாயின் முன்னதே நன்றென்பது எமது கருத்து. தொடக்கத்திலேயே நிற்கும் நிரல், பாதி வேலையில் தடுமாறும் நிரலினும் மேலன்றோ!

நிரல் பெறுவது நகலே என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது. நிரலினுள் அதனை மாற்றினால், அந்நிரல் பின்னர்த் தொடங்கும் நிரல்கட்கு அம்மாற்றம் செல்லும். தன்னைத் தோற்றுவித்த ஷெல்லுக்கு ஒருபோதும் திரும்பாது. கடவுச்சொல்லைச் சூழலில் வைப்போர், அதுவும் இவ்வாறே வழிவழி இறங்கும் என்பதை மறவாதிருப்பாராக.

இனி, சூழலினின்று வருவன யாவும் எழுத்துச் சரங்களே. எண்ணென்று ஒன்று அங்கில்லை. இதனை யான் கற்றது நாணத்தோடு. மாணவர்கட்கு மின்னஞ்சல் விடுக்கும் நிரலொன்றை இயற்றி, அனுப்பலாகாது என்பதற்கு அடையாளமாக மாறியிற் பூஜ்யம் இட்டிருந்தேன். எண்ணாகிய பூஜ்யத்தைப் பைத்தான் பொய்யென்று கொள்ளும். ஆனால் வெறுமையல்லாத சரம் எதுவாயினும் மெய்யென்றே கொள்ளும். ஒத்திகைக்கென எழுதிய அரைகுறைக் கடிதம் வகுப்பினர் அனைவர்க்கும் சென்றது. 'இன்ட்' என்னும் ஒரு சொல்லால் அச்சரத்தை எண்ணாக்கியிருப்பின், மறுநாட் காலை முழுதும் மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்க நேர்ந்திராது.