இளமை புட்டியில் வருமா?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். விளக்கேற்றி வைத்துவிட்டுத் திரும்புகிறேன், எதிர்வீட்டு மாமி புடவைத் தலைப்புக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்து நின்றாள். வெளியே எடுத்தது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் புட்டி. நியூஜெர்ஸியில் இருக்கும் பெண் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தாளாம்.

"ஏண்டி, நீதான் பத்திரிகைக்கெல்லாம் எழுதறவளாச்சே! இதைச் சாப்பிட்டா அசதி போகும், தெம்பு வரும், தோல் சுருக்கம்கூட மறையும்னு சொல்றா. சாப்பிடலாமா, கூடாதா? ரெண்டில் ஒண்ணு சொல்லு" என்றாள்.

புட்டியின் மேல் டி.எச்.இ.ஏ. என்று நான்கே எழுத்து. ஒரு மாத்திரை 50 மில்லிகிராம். மாமிக்கு வயது 64.

சகோதரிகளே, இந்தப் புட்டி மாமி வீட்டுக்கு மட்டுமா வந்திருக்கும்? வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் சாக்லேட்டுக்கும் வாசனை சோப்புக்கும் நடுவே இம்மாதிரி 'சத்து மாத்திரைகள்' எத்தனையோ வந்து இறங்குகின்றன. ஆகவே மாமிக்காக நான் தேடிப் படித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

டி.எச்.இ.ஏ. என்பது டீஹைட்ரோஎபிஆன்ட்ரோஸ்டீரோன் என்ற வாய்க்குள் நுழையாத பெயரின் சுருக்கம். வெளியிலிருந்து வந்த சரக்கல்ல; நம் ஒவ்வொருவர் உடம்பிலும் ஊறுவதுதான். சிறுநீரகங்களின் தலையில் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இதைப் பெருமளவில் சுரக்கின்றன. 1934-ல் ஜெர்மன் விஞ்ஞானி அடால்ஃப் பூட்டனான்ட் இதை மனிதச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தார். பால் ஹார்மோன்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கு 1939-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

இது தானாகச் செய்யும் வேலை சொற்பம். நம் வீட்டு மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அரைத்து வைத்த மாவு இட்லியும் இல்லை, தோசையும் இல்லை. தட்டில் ஊற்றினால் இட்லி, கல்லில் ஊற்றினால் தோசை, குழியில் ஊற்றினால் பணியாரம். அதேபோல இந்தப் பொருளை எடுத்து உடம்பின் ஒரு பகுதி ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோனைச் செய்துகொள்கிறது. இன்னொரு பகுதி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் செய்துகொள்கிறது. (ஆமாம், பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் ஆண் ஹார்மோன் உண்டு. திடுக்கிட வேண்டாம்.) மாத்திரையை விழுங்கும்போது, "எனக்கு இட்லி மட்டும் போதும்" என்று நாம் சொல்ல முடியாது. எது எவ்வளவு ஆகும் என்பது உடம்பின் இஷ்டம். சங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் இது உச்சத்தில் இருக்கும். பிறகு வருஷா வருஷம் குறைந்து, எழுபது எண்பது வயதில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் மிஞ்சும். இதைப் பார்த்த வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? 'குறைந்ததை நிரப்பு, இளமை திரும்பும்' என்றார்கள். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வயதானால் தலைமயிரும்தான் நரைக்கிறது. சாயம் பூசிக்கொண்டால் முழங்கால் வலி போய்விடுகிறதா?

அமெரிக்காவில் ஒரு காலத்தில் இதை உடம்பு இளைக்கும் மருந்தென்று விற்றார்கள். 1985-ல் அரசாங்கம் அந்தக் கடை விற்பனையைத் தடுத்தது. 1994-ல் புதுச் சட்டம் ஒன்று வந்தது. உணவோடு சேர்த்துக்கொள்ளும் சத்துப் பொருள் என்று பெயர் வைத்துவிட்டால், மருந்துகளைப் போல விற்பதற்கு முன் பலனை நிரூபித்து அனுமதி வாங்க வேண்டியதில்லை என்றாயிற்று. நேற்றுவரை தடுக்கப்பட்ட சரக்கு, சட்டை மாற்றிக்கொண்டு அதே கடை அலமாரியில் வந்து உட்கார்ந்தது. பிரிட்டனிலோ அதே பொருள் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் இருக்கிறது!

பலன் உண்டா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பிரான்ஸில் எத்தியேன் எமில் பொல்யூ என்ற புகழ்பெற்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் 60-லிருந்து 79 வயது வரையுள்ள 280 பேருக்கு ஒரு வருஷம் தினம் 50 மில்லிகிராம் மாத்திரையோ, மருந்தில்லாத வெறும் மாத்திரையோ கொடுத்தார்கள். 2000-ல் முடிவு வெளிவந்தது. எழுபதைத் தாண்டிய பெண்களிடம் தோலிலும் தாம்பத்ய விருப்பத்திலும் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. பத்திரிகைகள் கொட்டி முழக்கின. அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள் இன்னும் நிதானமாக இரண்டு வருஷம் சோதித்தார்கள். 87 ஆண்கள், 57 பெண்கள், எல்லோரும் முதியவர்கள். 2006-ல் சொன்னது என்ன? தசை பலம் கூடவில்லை. நடை, ஓட்டத்தில் மாற்றமில்லை. இன்சுலின் வேலை செய்யும் விதத்தில் மாற்றமில்லை. வாழ்க்கை முன்னைவிடச் சுகமாக இருப்பதாகவும் யாருக்கும் தோன்றவில்லை. பெண்களுக்கு மணிக்கட்டு எலும்பில் மட்டும் அற்பமான பலன்! ஞாபகசக்தி வளருமா என்று 225 பேரிடம் ஒரு வருஷம் வேறு சிலர் பார்த்தார்கள். வளரவில்லை.

இதையெல்லாம் மாமியிடம் சொல்லி, "பணத்துக்குக் கேடு, அவ்வளவுதான் மாமி" என்று சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை.

"எனக்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாரில் ஆபரேஷன் ஆச்சே, அதுக்கு ஒண்ணும் பண்ணாதே இது?" என்றாள் மெதுவாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக எதிர்வீட்டில் இருக்கிறேன், தெரியாது. அந்தக் காலத்துப் பெண்கள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதில்லையே!

ஆபரேஷனுக்குப் பிறகு மாமி ஐந்து வருஷம் தினமும் லெட்ரோசோல் மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். அது என்ன செய்யும் தெரியுமா? மாதவிலக்கு நின்ற பெண்களின் உடம்பில், அட்ரினல் தரும் சரக்கு ஈஸ்ட்ரஜனாக மாறுகிற கதவை அடைக்கும். சில வகை மார்பகப் புற்றுநோய்க்கு ஈஸ்ட்ரஜன்தான் தீனி. ஐந்து வருஷம் அடைத்து வைத்த அந்தக் கதவு வழியாக இப்போது மூட்டை மூட்டையாக மாவை இறக்குவது போலாகும் இந்தப் புட்டி! இது புற்றுநோயை உண்டாக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மாதவிலக்கு நின்ற பெண்களில், இரத்தத்தில் இது இயற்கையாகவே அதிகமுள்ளவர்களிடம் மார்பகப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே மார்பகம், கர்ப்பப்பை, சினைப்பை இவற்றில் புற்றுநோய் வந்தவர்கள் இதைத் தொடக்கூடாது என்பது டாக்டர்களின் அபிப்பிராயம்.

அந்த நோய் இல்லாதவர்களுக்கும் தொல்லைகள் உண்டு. முகப்பரு, எண்ணெய் வழியும் தோல், மோவாயில் மயிர், தலைமயிர் உதிர்வது எல்லாம் ஆண் ஹார்மோனின் கைங்கர்யம். குரல் கரகரத்துவிட்டால் பழையபடி திரும்பாமலும் போகலாம். நல்ல கொழுப்பும் குறையக்கூடும். போதாததற்குப் புட்டியில் எழுதிய அளவு உள்ளே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 1998-ல் 16 கம்பெனிகளின் மாத்திரைகளைச் சோதித்தபோது, ஒன்றுமே இல்லாததும் அகப்பட்டது; ஒன்றரை மடங்கு இருந்ததும் அகப்பட்டது.

"மாத்திரை வேண்டாம், இது வெறும் கிழங்குதானே" என்று காட்டு வள்ளிக்கிழங்குக் களிம்பு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதன் பின்னால் ரசமான கதை ஒன்று உண்டு. 1940-களில் ரஸல் மார்க்கர் என்ற அமெரிக்க ரசாயன நிபுணர் மெக்ஸிகோ காடுகளில் அலைந்து, நம் பெருவள்ளிக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டுக் கிழங்கிலிருந்து டயோஸ்ஜெனின் என்ற பொருளை எடுத்து, அதைப் புரொஜெஸ்டிரோன் ஹார்மோனாக மாற்றிக் காட்டினார். அது வரை தங்கத்தைவிட விலை உயர்ந்திருந்த ஹார்மோன் மலிவானது அதனால்தான். ஆனால் மாற்றியது அவருடைய ரசாயனசாலை. அந்த வித்தை நம் வயிற்றுக்கும் தெரியாது, தோலுக்கும் தெரியாது. கிழங்கை மசியலாக்கிச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். ஹார்மோன் மட்டும் வராது.

அப்படியானால் இது யாருக்குமே உதவாதா? உதவும். அட்ரினல் சுரப்பியே கெட்டுப்போன பெண்கள் சிலருக்கு டாக்டர்கள் கொடுத்துப் பார்ப்பதுண்டு. மாதவிலக்கு நின்றபின் தாம்பத்யத்தில் வலியால் தவிக்கும் பெண்களுக்காக, உள்ளே வைத்துக்கொள்ளும் மருந்தாக இதையே 2016-ல் அமெரிக்க அரசு அங்கீகரித்தது. அளவு ஆறரை மில்லிகிராம்தான். குழந்தைப் பேற்றுக்குச் சிகிச்சை செய்துகொள்ளும் பெண்களுக்கு நம் ஊரிலும் எழுதிக் கொடுக்கிறார்கள். 2015-ல் எல்லா ஆராய்ச்சிகளையும் திரட்டிப் பார்த்த காக்ரேன் குழுவினர், பலன் இருப்பதாக முதலில் தோன்றினாலும், குறைபாடுள்ள ஆராய்ச்சிகளைத் தள்ளிவிட்டால் அது உறுதியாக நிற்கவில்லை என்றார்கள். உங்கள் பெண்ணுக்கோ மருமகளுக்கோ எழுதிக் கொடுத்திருந்தால் பயந்து நிறுத்திவிட வேண்டாம், "எதற்காக, எத்தனை நாளைக்கு, நடுவில் இரத்தம் பார்ப்பீர்களா?" என்று டாக்டரையே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

மறுநாள் மாமி புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு தன் பழைய டாக்டரிடம் போனாள். நானும் துணைக்குப் போனேன். அவர் லேபிளைப் படித்தார். மாமியை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தனை சாப்பிட்டீர்கள்?"

"ரெண்டே ரெண்டு."

"போதும்" என்று புட்டியைத் தம் மேஜை டிராயருக்குள் போட்டுக்கொண்டார். அசதிக்கு இரத்தப் பரிசோதனையும், தைராய்டு பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில், ஆட்டோவிலிருந்தே மாமி நியூஜெர்ஸிக்குப் போன் செய்தாள். அங்கே நடுராத்திரி என்பதெல்லாம் மாமிக்கு ஞாபகமில்லை.

"அடுத்த தடவை வரச்சே பாதாம் மட்டும் வாங்கிண்டு வா, போதும்!"